உள்ளே எத்தனை பேர்

1

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது என் வேலை என்னவென்று கேட்பார்கள். "கம்ப்யூட்டரில்" என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி வராது. அவர்கள் தங்கள் பையனின் மதிப்பெண்ணுக்குத் தாவிவிடுவார்கள். ஓடைப்பட்டியில் ஒரே ஒருவர்தான் விடாமல் கேட்டார். திராட்சைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைப் பழுது பார்ப்பவர் அவர்.

"கம்ப்யூட்டர்ல என்னப்பா? அத சொல்லு."

"ஆன் பண்ணுனதும் உள்ள எத்தனை பேரு இருக்காகன்னு எண்ணுற வேலை."

கையிலிருந்த வாஷரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கா அம்புட்டுத் தூரம் போன? இங்கன கணக்கெடுப்புக்கே ஆள் பத்தலைங்கிறாக."

அவர் சொன்னதில் தப்பில்லை. பதினெட்டு வருடமாகப் பின்லாந்தில், தம்பெரே என்ற ஊரில், நான் தலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு கணினி விழிக்கும்போது அதன் இயங்குதளம் முதலில் செய்யும் காரியங்களில் இதுவும் ஒன்று. நமக்கு வேலை செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் யாருக்குத் தனி வீடு, யார் யார் ஒரே வீட்டில் என்று அது கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் சில நூறு வரிகள் என் பொறுப்பு. உலகத்தில் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. தப்பாகப் போனால் மட்டும் எல்லோரும் படிப்பார்கள்.

ஒரே வீடு என்றேன். ஹைப்பர் த்ரெடிங் என்று அதற்குப் பெயர். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க ரேஷன் கார்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாணமான மகன் தனிக் கார்டு கேட்டு மனுப் போடுவான். விசாரிக்க ஆள் வரும் காலையில் மட்டும் பின்கட்டில் புதிதாக ஓர் அடுப்பு முளைத்திருக்கும். மேலே ஒரு பாத்திரம், அதில் கொஞ்சம் வெந்நீர். வந்தவர் வெந்நீரைப் பார்ப்பார், மருமகளின் முகத்தைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார். காகிதத்தில் இரண்டு குடும்பம், சமையல் ஒன்று. ப்ராசஸரும் அப்படித்தான். உள்ளே கணக்குப் போடும் அடுப்படி ஒன்று, அதற்குக் குடும்பத் தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் நினைவகத்திலிருந்து சாமான் வரட்டும் என்று காத்திருக்கும் இடைவெளியில் மற்றவர் அடுப்பைப் பிடித்துக்கொள்வார். நான் விசாரிக்க வரும் ஆள்.

விசாரணையின் முதல் கேள்வி ப்ராசஸரிடமே. நீ யார், உனக்கு என்னென்ன முடியும் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. பூஜ்யமும் ஒன்றுமாக வரிசை கட்டிப் பதில் வரும். அந்த வரிசையில் இருபத்தெட்டு என்று எண்ணிட்ட இடம் இந்த ஹைப்பர் த்ரெடிங்குக்கு. புதிதாக வேலைக்கு வரும் எல்லோரும் இங்கேதான் விழுவார்கள். நானும் விழுந்தேன், நன்றாகவே விழுந்தேன். அந்த இடத்தில் ஒன்று இருந்தால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். அது அப்படிச் சொல்வதில்லை. இந்த வீட்டில் ஒருவருக்கு மேல் எண் கொடுக்க இடம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. வசதியையே அணைத்து வைத்திருந்தாலும் அங்கே ஒன்றுதான் நிற்கும். இருக்க முடியும் என்பது வேறு, இருக்கிறார் என்பது வேறு.

இதை நான் வருடத்துக்கு ஒரு முறையாவது இளம் பொறியாளர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறேன். தமிழில் விளக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே விளக்கவில்லை.

2

ஐப்பசியில் அப்பாவின் முதல் வருடத் திதி. நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொல்லியிருந்தேன். லீவு இருந்தது.

அன்று அலுவலகத்தில் காலை காபி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். ஊரில் மதியம், படையல் முடிந்திருந்தது.

"காக்கா வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. உன் பங்கையும் சேத்துத் தின்னுட்டுப் போயிருச்சு."

என் அக்காவுக்கு எங்கே குத்த வேண்டும் என்று தெரியும். அம்மாவையும் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆகையால் குத்தும் உரிமையும் அவளிடமே இருக்கிறது.

"ஏலே தம்பி, ஒரு காகிதம் அனுப்பியிருக்கேன் பாரு. வக்கீல் எழுதிக் குடுத்தாக. அங்கன எம்பஸில போயி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"என்ன காகிதம்?"

"அண்ணன் காகிதம்."

கையிலிருந்த காபியை வைத்தேன். இங்கே காபி தண்ணீராகத்தான் இருக்கும், வைப்பதில் நஷ்டமில்லை.

"வாரிசுச் சான்று கேட்டு ஆபீஸுக்கு நடையா நடக்குறேன். பட்டா இன்னும் அப்பா பேருலயே நிக்குது. அங்கன என்ன சொல்றாக தெரியுமா? பட்டியல்ல அம்மா, ரெண்டு மகன், ஒரு மகள்னு நாலு பேரு இருக்கு, மூணு பேருதான் கையெழுத்துப் போடுறீகங்கிறாக. ஒண்ணு ஆளைக் கூட்டியா, இல்லேன்னா ஆள் இல்லைன்னு கோர்ட்டுல சொல்லி வாங்கியா. நான் எங்கன போயிக் கூட்டியாருவேன்?"

எங்கள் அண்ணன் முருகேசன் வீட்டைவிட்டுப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. வக்கீலின் தமிழ் சுத்தமாக இருந்தது. மேற்படி முருகேசன் என்பவரைப் பற்றிக் கடந்த ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக எனக்கோ, அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய வேறு எவருக்குமோ யாதொரு தகவலும் இல்லை. ஆகவே அவர் உயிருடன் இல்லை என்று கருதுகிறேன். அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழ் என் பெயர், தகப்பனார் பெயருடன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ் சமாச்சாரம்னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஒண்ணும் ஒளறிராத."

3

அண்ணன் போனதற்குக் காரணம் பன்னீர்த் திராட்சை. கொடிக்கு நோய் வந்து இரண்டு அறுப்பு வீணாகிவிட்டது. கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வைப்போம் என்றான் அண்ணன். கம்பத்து மண்டியில், வியாபாரிகள் முன்னால் சொன்னான். அப்பா அவனை அறைந்தார். அண்ணனுக்கு அப்போது முப்பது வயது. அறை பெரிதில்லை. சுற்றி நின்றவர்கள் எதையும் பார்க்காததுபோல் எடைக்கல்லைப் பார்த்தார்களே, அதுதான் பெரிது.

மறுநாள் காலை அவனை வண்டியில் உட்காரவைத்துக் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டவன் நான். ஏலத்தோட்டத்தில் தெரிந்தவர் இருக்கிறார், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றான். பத்துப் பேர் ஏறக்கூடிய ஜீப்பில் இருபது பேர் ஏறியிருந்தார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி சொன்னான்:

"போய்ச் சேந்ததும் ஒரு ரிங் விடுறேன். எடுத்துராதீக."

இதை இளைய வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலையேறிப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார்கள். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தேன், நலம். இரண்டு ரிங் என்றால் நீங்கள் கூப்பிடுங்கள். ஒரு ரிங்கை எடுப்பது நாகரிகமில்லை, கடிதத்தைப் பிரிக்கும் முன் தபால்காரரிடம் பதில் சொல்வது மாதிரி. மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு விட்ட வேலையைத் தொடர்வார்கள். பேச்சே இல்லாமல் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு ரிங் வந்தது. எல்லோரும் தலையை ஆட்டினோம்.

மாதம் முடிந்தும் அவன் வரவில்லை. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று தேடினோம். தமிழ்க்காரர் ஒருவர், உயரமாக, நெற்றியில் தழும்போடு என்று கேட்டால் அங்கே பாதிப் பேர் தமிழ்க்காரர்கள், பாதிப் பேருக்குத் தழும்பு. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கொடியைப் பிடுங்கவும் இல்லை, கடைசிவரை. தேடுவதை முதலில் நிறுத்தியவன் நான். என்னிடம் விமான டிக்கெட் இருந்தது.

4

இந்த நாட்டில் குடியிருப்பு அனுமதி, அதன் நீட்டிப்பு, குடியுரிமை என்று எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு என்று எழுதினேன். அடுத்த கட்டம், அவர்கள் வசிக்கும் இடம். அக்காவுக்கு ஓடைப்பட்டி. அண்ணனுக்கும் ஓடைப்பட்டி. பொய்தான், ஆனால் பொருந்துகிற பொய். அரசாங்கங்களுக்கு அதுதான் வேண்டும்.

பின்னிஷ் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறில் நெடில் பார்த்து வளர்ந்த ஜாதி நாம் என்ற திமிரில் நான் அதைக் கற்க இறங்கினேன். தபான் என்றால் சந்திக்கிறேன், தபன் என்றால் கொல்கிறேன். என் மேலதிகாரிக்கு, நாளை பத்து மணிக்கு உங்களைக் கொல்கிறேன் என்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். "சரி, எந்த அறையில்?" என்று பதில் வந்தது. இந்த மக்களை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் அவளுக்குப் புரியும். பேசும்போது விருந்தினர் முன் பட்டுப்புடவை கட்டியவள்போல் எச்சரிக்கையாகப் பேசுவாள். அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் வக்கீலின் காகிதம் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"முருகேசன் யார் அப்பா?"

"உன் பெரியப்பா."

"உங்களுக்கு அண்ணன் இருக்கா?"

பதினைந்து வருடத்தில் நான் அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. படிவங்களில் எழுதியதால் சொன்னதாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"இருந்தாரா, இருக்கிறாரா?" என்று கேட்டாள். வினைச்சொல்லைச் சரியாகப் போட வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

அன்று அலுவலகத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த பழுது இது: பட்டியலில் பதினாறு பேர், எழுப்பினால் பதினைந்து பேர்தான் வருகிறார்கள். கணினி விழிக்கும்போது முதலில் எழுவது ஒரே ஒருவர்தான். மற்றவர்களின் பெயர்ப் பட்டியலை, கணினியைச் செய்தவர்கள் அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். எழுந்தவர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரையும் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்த ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும். நீ யார் என்ற அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. யாரிடம் ஓடுகிறதோ அவரைப் பற்றித்தான் சொல்லும். பக்கத்தில் படுத்திருப்பவனைப் பற்றி இவனிடம் கேட்க முடியாது. எல்லா எண்களும் வந்தபிறகு, ஒவ்வொன்றிலும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பார்ப்போம். மீதி ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே அடுப்படிக்காரர்கள். எங்கள் நிரலில் அவர்களுக்கு உடன்பிறப்புகள் என்றே பெயர்.

எழுப்பியும் எழாதவருக்குப் பத்து விநாடி கொடுக்கிறோம். பிறகு, உயிரோடிருப்பதாகத் தகவல் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். கம்ப்யூட்டருக்குப் பத்து விநாடி என்பது பல தலைமுறை. சட்டம் மனிதனுக்கு ஏழு வருடம் கொடுக்கிறது, பரவாயில்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்குப் பிடிக்காத வரிகள் அவை. சிலர் பாதுகாப்புக்காக இரண்டாவது உடன்பிறப்பே வேண்டாம் என்று அணைத்துவிடச் சொல்வார்கள். அப்போதும் சில ரகங்களில் அவனை ஒருமுறை எழுப்பியே ஆக வேண்டும். எழுப்பி, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதன்பின் தூங்கவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், என்றாவது ஓர் அபாய மணி அடிக்கும்போது, எழுப்பப்படாத அவன் ஒருவனால் மொத்தக் கணினியும் செத்துப்போகும். அந்த வரிகளுக்கு மேலே விளக்கக் குறிப்பு எழுதும்போது எனக்குக் கை ஓடாமல் நின்றிருக்கிறது. வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். உளறக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. என் குரலை வைத்தே நான் பல் தேய்த்தேனா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

"என்னடா, தொண்டை கம்மிக் கெடக்கு. அக்கா ஏதோ கையெழுத்துக் கேட்டாளாம்ல?"

"ஆமாம்மா. ஆபீஸ் சமாச்சாரம்."

"பெரியவன் இல்லைன்னு எழுதியிருக்காகளா?"

மேசையில் கிடந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டேன்.

"போடாத," என்றாள் அம்மா. "அவன் இருக்கான்."

"எப்படிம்மா தெரியும்?"

"வருசா வருசம் பொங்கலுக்கு ரிங் விடுறான்ல."

சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா? எந்த நம்பர்?"

"மொதல்ல வேற வேற நம்பர். கடைசி ஆறு வருசமா ஒரே நம்பர். காலண்டர்ல அன்னைத் தேதியக் கிழிச்சு அதுலயே எழுதி வச்சிருக்கேன். பதினெட்டுத் தாளு இருக்கு. ஒரு வருசம் ரெண்டு நாள் தள்ளி வந்துச்சு, காச்சலாக் கெடந்திருப்பான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்குச் சொன்னா எடுத்து வைவாரு. அப்புறம் அதுவும் வராது."

"நீ எடுத்துப் பேசியிருக்கலாம்ல? திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு ரிங் விட்டாத்தான கூப்பிடணும். அவன் ஒண்ணுதான விடுறான்." என் புத்திக்குறைவை நினைத்து அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, "ஒரு வருசம் மட்டும் விடாம அடிச்சுச்சு. நாலஞ்சு தடவ. நான் எடுக்கல," என்றாள்.

"ஏம்மா?"

"கை தவறி அழுத்தியிருப்பான்."

அந்த வாக்கியத்தை அம்மா மிக வேகமாகச் சொன்னாள்.

நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். கேரளத்து நம்பர்தானா என்று பார்த்துச் சொல்லுமளவுக்கு எனக்குத் தெரியாது. நம்பர் யாருடையதாகவும் இருக்கலாம். பொங்கல் வாழ்த்துச் சொல்லும் ஏதோ நிறுவனமாக இருக்கலாம். தவறான நம்பராக இருக்கலாம். தவறான நம்பர் வருடா வருடம் தை முதல் தேதி வராது என்றும் எனக்குத் தெரிந்தது. தகவல் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். ஒரு ரிங் தகவலா இல்லையா என்று எந்தச் சட்டத்தில் பார்ப்பது?

காகிதத்தைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தேன். நம்பர் எழுதிய துண்டை அதற்கு மேல் வைத்தேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் நிலா பள்ளியிலிருந்து வந்து பால் எடுக்கும்போது நின்று படித்தாள்.

"இது அவர் நம்பரா?"

"இருக்கலாம்."

"ஏன் கூப்பிடலை?"

ஒரு ரிங், இரண்டு ரிங், எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் விளக்கினேன். நீளமாகத்தான் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அது அவங்க உங்களைக் கூப்பிட்டா. நீங்க அவரைக் கூப்பிட என்ன ரூல்?"

அதற்கு ரூல் இல்லை.

6

மறுநாள் காலை, ஊரில் மதியம் இருக்கும் நேரத்தில் கூப்பிட்டேன். ஆறாவது மணியில் ஒரு பெண் எடுத்தார்.

"ஆரா?"

"நான் வெளிநாட்டுல இருந்து பேசுறேன். இந்த நம்பர்ல இருந்து பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு ஒரு ரிங் வருது. ஓடைப்பட்டிக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எடுக்காததாரு? நிங்களா?"

"எங்க அம்மா."

"அந்தக் கொல்லம், அந்த வருசம், நான் எத்தர தடவ அடிச்சேன்! எடுத்திருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் பெயர் லீலாம்மா. கட்டப்பனைக்குப் போகும் வழியில் ஓர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர் கணவர் காவல் வேலை. அண்ணன் அங்கே எட்டு வருடம் உலை பார்த்திருக்கிறான். தமிழும் மலையாளமுமாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்.

"பொங்கலுக்கு மட்டும் வந்து போன் கேக்கும். நம்பர் அடிச்சு, ஒரு பெல்லு கேட்டதும் கட் பண்ணும். பேசுங்க முருகேசண்ணாம்பேன். 'பேசினா வீட்டுக்கு வாம்பாக சேச்சி. வந்தா அப்பா மூஞ்சியப் பாக்கணும், அவரு என் மூஞ்சியப் பாக்கணும், ரெண்டு பேருக்கும் வேலை' அப்படீன்னு சிரிக்கும்."

"இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன். தெரிந்துவிட்ட பிறகும் கேட்டேன். அந்தக் கேள்வியைத்தான் பிழைப்பாக வைத்திருக்கிறேன்.

"மரிச்சு போயி. வர்ற கார்த்திகைக்கு மூணு கொல்லம். நெஞ்சு வேதனை. படுத்திருக்கும்போ என்னட்டதான் சொல்லுச்சு, 'பொங்கலுக்கு ஒண்ணு விட்டிரு சேச்சி'ன்னு. முதல் பொங்கலுக்கு, வீட்டுக்குத் தெரியணுமேன்னு விடாம அடிச்சேன். ஆரும் எடுக்கல. சரி, அண்ணன் சொன்ன மாதிரியே ஆகட்டும்னு பின்ன ஒண்ணு மட்டும் விடுறேன்."

மூன்று பொங்கல். அம்மாவின் தாள்களில் கடைசி மூன்று.

"பஞ்சாயத்துல மரணம் எழுதியிருக்கு. சர்ட்டிபிக்கேட் கிட்டும். அப்பன் அம்மை பேரு ஆருக்கும் அறியாது. அங்க கோடு போட்டு விட்டாக."

அவன் ஊர் பெயரைக்கூடச் சொன்னதில்லையா என்று கேட்டேன். சொன்னானாம், ஓடைப்பட்டி என்று. அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"இனி பொங்கலுக்கு விடணுமா, வேண்டாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் யோசித்துச் சொல்கிறவன் நான்.

7

அக்காவுக்குச் சொன்னேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, தோட்டத்தில் நின்றிருந்தாள்.

"சர்ட்டிபிக்கேட் இருக்குங்கிறாக," என்றேன். "அதை வாங்கிக் குடுத்தா கோர்ட்டே வேண்டாம்."

"குடுத்தா நம்ம ஆபீஸுல எல்லாரும் படிப்பாக. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்து அம்மாவக் கட்டிக்கிட்டு அழுவாக." மூக்கை உறிஞ்சினாள். "வக்கீல் காகிதம்னா அது வெறும் காகிதம். அம்மா நம்ப வேண்டியதில்ல."

அது உண்மை. ஒரு காகிதம் அவன் செத்துப்போனதாகக் கருதுகிறது. இன்னொன்று எந்த நாளில் என்றே சொல்கிறது. கருதுவதை அம்மா மறுக்கலாம். தேதியை மறுக்க முடியாது. நாங்கள் இருவரும் பொய்யான காகிதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அந்த நம்பருக்கு அடிச்சேம்மா."

"எடுத்தானா?"

நம்பர் எழுதிய துண்டை எடுத்து மடித்தேன்.

"இல்லம்மா. ஒரு ரிங்தான் விட்டேன்."

"எடுக்கமாட்டான். அவனுக்குத் தெரியும்ல." அம்மாவின் குரலில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. "அப்ப நல்லாத்தான் இருக்கான். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. உங்கக்கா பாவம், எத்தன நாளைக்கு அலைவா. எழுதுனா செத்தா போயிருவான்?"

அடுத்த வாரம் ரயிலில் ஹெல்சிங்கி போனேன். தூதரகத்தில் முன்பதிவு செய்த நேரம் பதினொன்று. காகிதத்தை வாங்கிய அலுவலர், இதில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரிந்தவரை உண்மைதானா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான். ஆமாம் என்றேன். யாதொரு தகவலும் இல்லை என்பதற்குக் கீழே, தகப்பனார் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினார்கள்.

வெளியே வந்து, வெயில் இருந்த பக்கமாக நின்றுகொண்டு லீலாம்மாவைக் கூப்பிட்டேன்.

"பொங்கலுக்கு விடுங்க சேச்சி. ஒரு ரிங்."

"விடுறேன். எத்தர கொல்லத்துக்கு விடணும்?"

நான் அம்மாவின் வயதைச் சொன்னேன்.